கேட்கும்போது வரட்டும் நிரல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையப் பக்கங்கள் திறக்கத் தாமதமாவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். இணைப்பின் வேகக் குறைவையும் பழைய கைபேசிகளையும் மட்டுமே கட்டுரையாளர் காரணமாகக் காட்டியிருந்தார். பல ஆண்டுகளாக இணையப் பக்கங்களை உருவாக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், விடுபட்டுப்போன இன்னொரு காரணத்தைச் சொல்லியாக வேண்டும் என்று இக்கடிதத்தை எழுதுகிறேன். வாசகர் இதுவரை கேட்காத, பெரும்பாலும் கேட்கவே போகாத வசதிகளுக்கான ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை (பக்கத்துக்கு இயக்கம் தரும் கணினி மொழியில் எழுதிய கட்டளைகளை), பக்கம் திறக்கும் அந்த நொடியிலேயே மொத்தமாகக் கொண்டுவந்து அவர் கையிலிருக்கும் கருவியில் இறக்கிவிடுகிறோம். இந்தத் தவறு முழுக்க முழுக்கப் பக்கத்தைக் கட்டும் எங்களுடையது; ஆகவே அதைத் திருத்துவதும் எங்கள் கையில்தான் இருக்கிறது.

இணையப் பக்கங்களைக் காட்டும் மென்பொருளான உலாவி, பக்கத்தை எப்படி வாசிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தச் சிக்கல் விளங்கிவிடும். பக்கத்தைச் சேமித்து அனுப்பும் கணினியான சேவையகத்திலிருந்து வரும், பக்கத்தின் அமைப்பை விவரிக்கும் எச்.டி.எம்.எல். உரையை அது மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டே வருகிறது. நடுவில் நிரலைக் கொண்டுவரச் சொல்லும் குறியான ஒரு ஸ்கிரிப்ட் டேக் எதிர்ப்பட்டால், வேறு குறிப்பு எதுவும் இல்லாத நிலையில், வாசிப்பை அங்கேயே நிறுத்தி, அந்தக் கோப்பு வந்து சேரும்வரை காத்திருந்து, அதை இயக்கி முடித்த பிறகே அடுத்த வரிக்குச் செல்கிறது. இந்த நடைமுறைக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய இந்த மொழிக்கு, வாசிக்கப்பட்டுக்கொண்டிருக்கும் பக்கத்தின் நடுவிலேயே புதிய உரையை எழுதிச் சேர்க்கும் ஆற்றல் தொடக்கத்திலிருந்தே இருந்தது. நிரல் என்ன எழுதப்போகிறது என்பது அது ஓடி முடியும்வரை உலாவிக்குத் தெரியாது என்பதால், நின்றே ஆக வேண்டியிருந்தது. இன்றைய உலாவிகள் நின்றுகொண்டிருக்கும் நேரத்தில் கீழ்வரிகளை நோட்டமிட்டு, அங்கே தேவைப்படும் கோப்புகளை முன்கூட்டியே தருவிக்கத் தொடங்கிவிடுகின்றன. ஆனாலும் இயக்கத்தைப் பொறுத்தவரை வரிசை மாறுவதில்லை. அந்த உரையின் தொடக்கமான தலைப்பகுதியில் ஒரு கனத்த நிரலை வைத்தால், அதற்குக் கீழே உள்ள செய்தி திரைக்கு வரக் காத்திருக்கத்தான் வேண்டும்.

இந்த நிறுத்தத்தைத் தவிர்க்க வழிகள் இல்லாமலில்லை. 1997-இல் வெளியான எச்.டி.எம்.எல். 4 தரத்திலேயே 'டிஃபர்' என்னும் குறிப்பு இடம்பெற்றது. அதைச் சேர்த்தால், கோப்பு பின்னணியில் வந்து, பக்கம் முழுவதும் வாசிக்கப்பட்ட பிறகே இயங்கும். பின்னர் வந்த 'ஏசிங்க்' குறிப்போ, கோப்பு வந்து சேர்ந்ததும் அதை இயக்கச் சொல்கிறது. இரண்டும் நல்லவையே. ஆனால் இவற்றைச் சேர்த்ததோடு வேலை முடிந்தது என்று எங்கள் துறையினர் பலர் எண்ணிவிடுவதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. டிஃபர் போட்டாலும் கோப்பு வரத்தான் செய்கிறது. ஏசிங்க் போட்டாலும் கருவி அதைப் பிரித்துப் படித்து, இயந்திரம் அறியும் வடிவுக்கு மாற்றி, இயக்கித்தான் தீர வேண்டும். காத்திருப்பு இடம் மாறுகிறதே ஒழிய, சுமை குறைவதில்லை.

அந்தச் சுமை எத்தகையது என்பதைப் பொதுவாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 200 கிலோபைட் அளவுள்ள ஒரு படத்தையும் அதே அளவுள்ள ஒரு நிரல் கோப்பையும் எடுத்துக்கொண்டால், பிணையத்தில் பயணம் செய்யும்வரைதான் இரண்டும் சமம். படம் வந்ததும் அதை விரித்துத் திரையில் தீட்டுவதோடு வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதிலும் பெரும்பகுதியை உலாவி தனி இழையில், அதாவது தனி வேலை வரிசையில், செய்துகொள்கிறது. நிரலோ வந்த பிறகுதான் தன் வேலையைத் தொடங்குகிறது. அதுவும், விரல் தொடுவதைக் கவனிப்பதும் திரையைப் புதுப்பிப்பதும் நடக்கிற அதே முதன்மை இழையில் ஓடுகிறது. 50 மில்லிவினாடிக்கு மேல் அந்த இழையைப் பிடித்துவைத்திருக்கும் எந்த வேலையையும் 'நீண்ட பணி' என்று செயல்திறன் அளவீடுகள் வகைப்படுத்துகின்றன. பக்கம் கண்ணுக்குத் தெரிகிறது, பொத்தானும் இருக்கிறது, தொட்டால் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்று வாசகர்கள் குறைப்படுவது பெரும்பாலும் இத்தகைய நீண்ட பணிகளால்தான். 2024 மார்ச் மாதம் முதல் கூகுள் தன் முதன்மை அளவீடுகளில், தொட்டதற்கும் திரை அதற்கு மறுமொழி காட்டுவதற்கும் இடையிலான நேரத்தைச் சேர்த்திருக்கிறது. 200 மில்லிவினாடிக்குள் மறுமொழி வந்தால்தான் அது நல்ல நிலை. விலைகூடிய கைபேசியில் எளிதாக எட்டிவிடக்கூடிய அந்த எல்லையை, அதே பக்கம் எளிய கைபேசியில் பல மடங்கு மீறுவதை நான் அன்றாடம் பார்க்கிறேன். இணைப்பு எவ்வளவு வேகமாக இருந்தாலும் இந்தத் தாமதம் குறையாது என்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டுகிறேன்.

எனவேதான், தேவைப்படும் நேரத்தில் மட்டும் நிரலைத் தருவிக்கும் முறையை வலியுறுத்துகிறேன். இது புதுமையான யோசனை இல்லை. வாசகர் ஒரு பொத்தானை அழுத்தியதும் புதியதொரு ஸ்கிரிப்ட் டேக்கை உருவாக்கிப் பக்கத்தில் செருகி, கோப்பு வந்ததும் வேலையைத் தொடரும் உத்தியை எங்கள் துறையினர் நெடுங்காலமாகக் கையாண்டிருக்கிறார்கள். 2015-இல் ஜாவாஸ்கிரிப்டுக்கு, நிரலைத் தனித்தனிப் பகுதிகளாக எழுதி இணைக்க உதவும் முறையான தொகுதி அமைப்பு கிடைத்தது. 2020-ஆம் ஆண்டின் தரத்தில், ஒரு தொகுதியை வேண்டும்போது அழைத்துக்கொள்ளும் 'இம்போர்ட்' வடிவம் மொழியின் பகுதியாகவே ஆகிவிட்டது. முன்பு ஒவ்வொருவரும் தாமாகக் கட்டிக்கொண்ட ஏற்பாட்டை இன்று ஒரே வரியில் எழுதிவிடலாம். அந்த வரியைக் கண்டதும், நிரல்களைச் சேர்த்துக் கோப்புகளாக்கித் தரும் தொகுப்புக் கருவிகள் அந்தப் பகுதியைத் தனிக் கோப்பாகப் பிரித்து வைத்துவிடுகின்றன.

காணொளி இதற்கு மிகத் தெளிவான உதாரணம். ஒரு கட்டுரையின் நடுவே பதிக்கப்படும் காணொளி இயக்கி, அதை யாரும் பார்க்காவிட்டாலும் நூற்றுக்கணக்கான கிலோபைட் நிரலை இழுத்துக்கொண்டு வருகிறது. அதன் இடத்தில் ஒரு படத்தையும் அதன்மேல் இயக்கக் குறியையும் மட்டும் வைத்து, அதை அழுத்தியவருக்கு மட்டும் உண்மையான இயக்கியைத் தருவித்தால், கட்டுரையை மட்டும் வாசித்துவிட்டுச் செல்பவர் அந்தச் சுமையிலிருந்து விடுபடுகிறார். நிலப்படம், வரைபடம், நாள் தேர்வுக்கான நாட்காட்டி, பக்கத்தைப் பி.டி.எஃப். ஆக்கித் தரும் வசதி ஆகியவற்றுக்கும் இதே வழிதான். எதைப் பிரிப்பது என்று ஊகிக்க வேண்டியதும் இல்லை. குரோம் உலாவியின் டெவலப்பர் கருவிகளில் 'கவரேஜ்' என்றொரு பகுதி 2017 முதல் இருக்கிறது. பக்கத்தைத் திறந்து அதை ஓடவிட்டால், வந்து சேர்ந்த நிரலில் எத்தனை பைட்டுகள் ஒருமுறைகூட இயங்கவில்லை என்பதைக் கோப்பு வாரியாகக் காட்டிவிடும். தன் பக்கத்தை முதன்முறை இப்படிச் சோதிக்கும் எந்த டெவலப்பரும் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார் என்பது என் அனுபவம். நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்த முறையின் ஆபத்துகளை மறைப்பது நேர்மையாகாது. எனக்கே நேர்ந்த ஒன்றை இங்கே குறிப்பிடுகிறேன். ஒரு நிறுவனத்தின் விண்ணப்பப் படிவத்தை அமைத்தபோது, பிறந்த தேதியைத் தேர்ந்தெடுக்கும் நாட்காட்டியை, அந்தக் கட்டத்தைத் தொட்டால் மட்டும் வரும்படி பிரித்து வைத்தேன். பக்கம் சட்டென்று திறந்தது; எல்லோரும் பாராட்டினார்கள். சில வாரங்கள் கழித்துத் தளத்தில் ஒரு சிறிய திருத்தம் செய்து புதிய கோப்புகளை ஏற்றினோம். அன்றிலிருந்து, தேதிக் கட்டம் வேலை செய்யவில்லை என்று சிலர் மட்டும் முறையிடத் தொடங்கினார்கள். எங்கள் கணினிகளில் எல்லாம் சரியாகவே இருந்ததால், குறை அவர்களின் கருவியில்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தோம். அவர்களிடம் அப்படிச் சொல்லியும் விட்டோம். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

உண்மையில் நடந்தது வேறு. தொகுப்புக் கருவிகள் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஓர் எழுத்துக்கோவையை அதன் பெயரோடு சேர்த்துவிடுகின்றன. உள்ளடக்கம் மாறினால் பெயரும் மாறும். திருத்தத்துக்கு முன்பே படிவத்தைத் திறந்து, பாதி நிரப்பி, சான்றிதழ்களைத் தேடி எடுத்துவரச் சென்றவர்கள், திரும்பி வந்து தேதிக் கட்டத்தைத் தொட்டபோது, அவர்கள் உலாவி பழைய பெயரில் கோப்பைக் கேட்டது. நாங்களோ பழைய கோப்புகளை அழித்துவிட்டிருந்தோம். கோப்பு இல்லை என்ற மறுமொழி வந்தது. அதை எதிர்கொள்ள நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. ஆகவே திரையில் எந்த அசைவும் இல்லை. எல்லாவற்றையும் முதலிலேயே ஏற்றியிருந்தால் இந்தக் கோளாறு நேர்ந்திருக்காது. தேவையின்போது தருவிக்கும் முறையில், பக்கம் திறந்து நெடுநேரம் கழித்தும் பிணையத்தையும் சேவையகத்தையும் நம்பியிருக்கிறோம் என்பதை நான் மறந்திருந்தேன்.

அதன்பின் மூன்று மாற்றங்களைச் செய்தோம். புதிய கோப்புகளை ஏற்றினாலும் பழையவற்றைச் சில வாரங்கள் அங்கேயே விட்டுவைத்தோம். கோப்பு வரவில்லையென்றால் அதைத் திரையில் எழுத்தால் சொல்லி, மறுபடி முயல ஒரு வழி வைத்தோம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, நாட்காட்டி வந்தாலும் வராவிட்டாலும் தேதியைக் கையால் தட்டெழுத முடிகிற சாதாரணக் கட்டமாக அதை மாற்றினோம். இந்த மூன்றாவது மாற்றத்தை முதல் நாளே செய்திருந்தால் ஒருவர்கூடச் சிரமப்பட்டிருக்க மாட்டார்.

நிரல் எல்லோருக்கும் எப்போதும் வந்து சேரும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை கிடையாது. 2013-இல் பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு தன் தளத்துக்கு வருபவர்களைக் கொண்டு இதை அளந்து பார்த்தது. 1.1 விழுக்காட்டினருக்கு ஜாவாஸ்கிரிப்ட் வழியான வசதிகள் கிடைக்கவில்லை என்று தெரியவந்தது. அவர்களில் நிரலை அணைத்து வைத்திருந்தவர்கள் அல்லது அதை ஏற்காத உலாவியைப் பயன்படுத்தியவர்கள் 0.2 விழுக்காடு மட்டுமே. எஞ்சிய 0.9 விழுக்காட்டினரின் உலாவிகள் நிரலை இயக்கக் கூடியவைதான். ஆயினும் ஏதோ ஒரு காரணத்தால் அன்று அது அவர்களிடம் இயங்கவில்லை. அறுந்துபோன இணைப்பு, நடுவில் தடுக்கும் நிறுவன வலையமைப்பு, வேறொரு நிரலில் ஏற்பட்ட பிழை என்று காரணங்கள் பலவாக இருக்கலாம். ஒரு கோப்பை முதலில் கேட்பதற்குப் பதில் ஐந்து துண்டுகளை ஐந்து வெவ்வேறு நேரங்களில் கேட்கிறோம் என்றால், தவறுவதற்கு ஐந்து வாய்ப்புகளைத் தருகிறோம் என்பதே பொருள். அதனால்தான் செய்தியின் உரை, படிவத்தின் கட்டங்கள், அனுப்பும் பொத்தான் ஆகியவை எந்த நிரலையும் நம்பாமல் எச்.டி.எம்.எல்.-இலேயே இருக்க வேண்டும் என்கிறேன். வசதியைப் பிறகு தருவிக்கலாம். பக்கம் எதற்காக இருக்கிறதோ அதைத் தருவிக்கும் பட்டியலில் வைக்கக் கூடாது.

மற்றொரு குறை, அழுத்தியதற்கும் பலன் கிடைப்பதற்கும் இடையே விழும் இடைவெளி. இதற்குப் பரிகாரம் உண்டு. உலாவி வேலையின்றி இருக்கும் நேரத்தில் கோப்பை முன்கூட்டித் தருவித்து, இயக்காமல் வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் கீழே இருக்கும் ஒன்றை, வாசகர் அதை நெருங்கும்போது தருவிக்கலாம். அவர் நெருங்குகிறாரா என்று கவனிக்கும் வசதியை 2016 முதல் உலாவிகளே தரத் தொடங்கிவிட்டன. ஆனால் முன்கூட்டித் தருவிப்பதில் அளவு வேண்டும். எல்லாவற்றையும் முன்கூட்டித் தருவித்தால் பழைய நிலைக்கே திரும்பிவிடுவோம். தரவைச் சிக்கனமாகச் செலவிடும் அமைப்பை வாசகர் தேர்ந்தெடுத்திருக்கும்போது அதைச் செய்வது அவரை மதிக்காத செயலும் ஆகும். பிறகு வரப்போகும் பொருளுக்கான இடத்தை முதலிலேயே காலியாக ஒதுக்கிவைப்பதும் அவசியம். இல்லாவிட்டால், அது வந்ததும் உரை கீழே தள்ளப்பட்டு, வாசித்த வரி கண்ணிலிருந்து நழுவும். ஒன்றைத் தொடப் போன விரல் வேறொன்றைத் தொட்டுவிடும். திரைவாசிப்பான் கொண்டு வாசிக்கும் பார்வையற்றவர்களுக்கு, ஏற்றிக்கொண்டிருக்கிறது, வந்துவிட்டது என்ற இரண்டு செய்திகளும் ஒலியாகச் சென்று சேர வேண்டும். சுழலும் வட்டத்தை மட்டும் காட்டிவிட்டு நாங்கள் பலமுறை இதை விட்டுவிடுகிறோம்.

துண்டாக்குவதிலும் அளவு தேவை. ஒரு துண்டு வந்து, அது இன்னொன்றைக் கேட்டு, அந்த இன்னொன்று மூன்றாவதைக் கேட்கும் சங்கிலி உருவானால், ஒவ்வொரு கண்ணிக்கும் சேவையகத்துக்குப் போய்வரும் நேரம் கூடிக்கொண்டே போகும். உலாவியும் சேவையகமும் கோப்புகளைப் பரிமாறும் விதிமுறையின், 2015-இல் தரமாக்கப்பட்ட பதிப்பான எச்.டி.டி.பி. 2, ஒரே இணைப்பில் பல கோப்புகளைச் சேர்த்துக் கொண்டுவர உதவுகிறது. எனினும் அடுத்தது எது என்றே தெரியாத உலாவிக்கு அதனால் பயனில்லை. செருகப்படும் ஸ்கிரிப்டுகள் வந்து சேரும் வரிசையில் இயங்கிவிடும் என்பதால், ஒன்றையொன்று சார்ந்த கோப்புகளைக் கவனமின்றிப் பிரித்தால், ஒருநாள் வேலை செய்வது மறுநாள் செய்யாது.

பிறர் சேவையகத்திலிருந்து நிரலைத் தருவிப்பது குறித்துச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டும். பழைய உலாவிகளுக்கு விடுபட்ட வசதிகளை ஈடுசெய்து தந்த பாலிஃபில்.ஐஓ என்ற சேவையின் முகவரி 2024-இல் கைமாறியது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், அதன் வழியாகத் தீங்கான நிரல் அனுப்பப்படுவது வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அந்த முகவரியிலிருந்து நிரலை வாங்கிக்கொண்டிருந்தன. தம் பக்கத்தில் ஒரு வரியைக்கூட மாற்றாத தளங்கள் தம் வாசகர்களைத் தீங்குக்கு உள்ளாக்க நேர்ந்தது. வரும் கோப்பு, எதிர்பார்த்த அதே கோப்புதானா என்று உலாவியே சரிபார்க்கும் ஏற்பாடு 2016 முதல் தரமாக இருக்கிறது. ஆனால் அந்தச் சேவை ஒவ்வொரு உலாவிக்கும் வெவ்வேறு உள்ளடக்கத்தை அனுப்பும் வகையினது. ஆகவே அந்தக் காப்பை அங்கே பயன்படுத்தவே வழியில்லாமல் போயிற்று. தேவையின்போது தருவிக்கும் கோப்புகள், பரிசோதனையின்போது பலமுறை கண்ணிலேயே படுவதில்லை. யாராவது அந்தப் பொத்தானை அழுத்தினால்தான் அவை வருகின்றன. இந்தக் காரணத்தால் அவற்றைச் சொந்தச் சேவையகத்திலேயே வைத்துக்கொள்ளும்படி என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன்.

இதையெல்லாம் ஒரு நாளிதழுக்கு ஏன் எழுதுகிறேன் என்று தாங்கள் கேட்கலாம். எந்த நிரல் முதலில் வர வேண்டும், எது பிறகு வரலாம் என்ற தீர்மானம் வெறும் தொழில்நுட்பத் தீர்மானமாகவே விடப்படுகிறது. அதனால்தான் அது யாராலும் எடுக்கப்படாமல் கிடக்கிறது. விளம்பரப் பிரிவு ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறது, வாசகர் எண்ணிக்கையைக் கணக்கிடும் பிரிவு இன்னொன்றைச் சேர்க்கச் சொல்கிறது, நாங்கள் சேர்த்துவிடுகிறோம். எடுக்கச் சொல்ல ஒருவரும் இல்லை. எந்தச் செய்தி முதல் பக்கத்தில், எது உள்பக்கத்தில் என்று நாள்தோறும் முடிவுசெய்யும் பழக்கம் ஆசிரியர் குழுவுக்கு உண்டு. அந்தக் கண்ணோடு தங்கள் இணையப் பதிப்பின் ஒரு கட்டுரைப் பக்கத்தைப் பார்த்து, அதில் ஏறும் ஒவ்வொரு நிரலைப் பற்றியும், வாசகரின் எந்தச் செயலுக்கு இது வேண்டும் என்ற ஒரே கேள்வியைத் தங்கள் தொழில்நுட்பக் குழுவிடம் கேட்குமாறு வேண்டுகிறேன். செயல் ஒன்றைச் சுட்டிக்காட்ட முடிந்தால், அந்தச் செயல் நிகழும்போது அது வரட்டும். சுட்டிக்காட்ட முடியாவிட்டால் அது அங்கே இருக்கத்தான் வேண்டுமா என்று பார்க்கலாம்.

தொடங்குவதற்கு எளிய இடம் ஒன்று தங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. கட்டுரையை உரக்க வாசித்துக்காட்டும் பொத்தானுக்கான நிரல் இப்போது ஒவ்வொரு வாசகருக்கும், செய்தியின் முதல் வரி திரைக்கு வருவதற்கு முன்பாகவே, தலைப்பகுதியிலிருந்து ஏற்றப்படுகிறது. அந்தப் பொத்தானை அழுத்துபவருக்கு மட்டும் அது வரட்டும். வந்துகொண்டிருக்கும் சில நொடிகளுக்கு, குரல் ஆயத்தமாகிறது என்ற ஒரு வரி அங்கே எழுத்தாகவும் திரைவாசிப்பானுக்கு ஒலியாகவும் தெரியட்டும். வராமல் போனால் அதையும் அதே இடத்தில் சொல்லட்டும்.

இங்ஙனம்,
இணையப் பக்கங்கள் கட்டும் பணியில் உள்ள ஒரு வாசகர்